பின்பலகைக்கு ஒரு மரணச் சான்றிதழ்

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் பேசாமல் இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். நீங்களும் நானும் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் யாராவது ஒருவர் துண்டித்துவிடுகிறோம். போன தடவை துண்டித்தது நீங்கள். அதற்கு முந்தின தடவை நான். ஆனால் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. என்ன திட்டினாலும் எதிராளி கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயம் உங்கள் தம்பியின் படகு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் சமையலறை ஜன்னலில் எனக்குத் தெரிவது அதன் பின்புறம்தான். சீசனில் சில வாரம் ஏரியில் கிடக்கும். மற்றபடி வருஷம் பூராவும் கொல்லையில், டிரெய்லர் மேல், முகத்தை வேலிக்கும் பின்புறத்தை எனக்கும் காட்டிக்கொண்டு நிற்கும். மற்ற பெண்கள் ஜன்னலைத் திறந்தால் ஒரு மரம் தெரிகிறது, எதிர்வீட்டு மாடி தெரிகிறது. எனக்கு ப்ரொப்பெல்லர் தெரிகிறது. வெளிச்சம் அதைச் சுற்றிக்கொண்டு என் அடுப்புக்கு வந்து சேர்வதற்குள் காலை முடிந்துவிடும். பட்டப்பகலில் உப்பா சர்க்கரையா என்று நக்கிப் பார்த்துச் சமைக்கிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

போன சீசனில் நீங்கள் வந்திருந்தபோது நடந்ததை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, ஆனாலும் நினைவூட்டுகிறேன், எனக்கு அதில் ஒரு சந்தோஷம். படகில் ஏறி உட்கார்ந்தீர்கள். வளைந்து திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு உறுமல் வந்தது. காதைச் சாய்த்துக் கேட்டீர்கள். கரையில் இறங்கியதும் படகுத்துறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், "டேய், இதோட பின்பலகை மக்கிப்போச்சுடா. இனிமே இதுல யாரையும் ஏத்தாதே" என்றீர்கள். அவர் மறுநாளே வீம்புக்கு அதை எடுத்துக்கொண்டு போனார். ஏரி நடுவில் உறுமல் அலறலாகி, அப்புறம் ஒன்றுமே இல்லாமலாகி, ஐஸ் ஏற்றும் படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. கரையில் கைதட்டல் வேறு. அன்றைக்கு உங்களிடம் மூடிய வாயை அவர் இன்னும் திறக்கவில்லை. என்னிடம் திறக்கிறார், ஆனால் படகைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து நானே ஒரு காரியம் செய்தேன். பழைய படகுகளை அறுத்து உடைத்து எடுத்துப்போகிற ஒருவரை வரவழைத்தேன். அவர் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மாதக் கடைசியில் ரம்பத்தோடு வருவதாகச் சொன்னார். உங்கள் தம்பி குறுக்கே வந்து நின்றார். "பின்பலகை போச்சுன்னு அக்கா எழுத்துல கொடுக்கட்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். நானே ரம்பத்தைப் பிடிச்சு உடைக்கிறேன்" என்றார். சொல்லும்போது ஒரு கை படகின் விளிம்பைப் பிடித்திருந்தது. அதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆகவே அண்ணி, நீங்கள் துறைமுகத்தில் படகுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற சர்வேயர். எனக்கு வேண்டியது ஒரு மரணச் சான்றிதழ். ஒரு பக்கம் போதும்.

உங்கள் தம்பி மனைவி

*

மார்ச் 8

என் தம்பியைக் கட்டிக்கொண்ட புண்ணியவதிக்கு,

சார்ஜ் தீரவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

பார்க்காத படகுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. படகுத்துறையில் சொன்னது வாய்ப்பேச்சு. வாய்ப்பேச்சுக்கு நான் அவனுக்கு அக்கா. எழுத்துக்கு நான் சர்வேயர். இரண்டு பேருக்கும் சில சமயம் ஒத்துப்போவதில்லை.

ஏப்ரல் முடியும்வரை என்னால் இங்கிருந்து நகர முடியாது. சீசனுக்கு முன்னால் எல்லாப் படகுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் பயம் வந்துவிடுகிறது. ஆகவே என் கையும் கண்ணும் நீதான். சொல்வதைச் செய். சொந்த மூளையைச் சேர்க்காதே.

உன் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அந்தச் சுவர்தான் டிரான்சம். நம் வீட்டில் பின்பலகை என்போம். வெளியே ஃபைபர் தோல், உள்ளே ஃபைபர் தோல், நடுவில் பிளைவுட். எஞ்சின் படகுக்குள்ளே இருக்கிறது. ப்ரொப்பெல்லர் மாட்டிய கால், அதாவது ஸ்டெர்ன் டிரைவ், வெளியே தொங்குகிறது. இரண்டும் அந்தச் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாகக் கை கோத்துக்கொள்கின்றன. சுவருக்கு உள்ளே ஒரு உலோகத் தட்டு, வெளியே ஒரு தட்டு, இரண்டையும் சேர்த்து இறுக்கும் போல்ட்டுகள். எஞ்சினின் பின்பாரம் உள்தட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவிலுள்ள மரம் மக்கினால் தட்டு சாயும். தட்டு சாய்ந்தால் எஞ்சினும் சாயும். எஞ்சினும் காலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. அப்போது நடுவில் மாட்டிக்கொண்ட பேரிங் உறுமும். வளையும்போது அதிகமாக உறுமும். அதைத்தான் நான் கேட்டேன்.

செய்ய வேண்டியது: வெளியே தட்டின் மூலைகளில் விரிசல் இருக்கிறதா பார். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் சுவர் முழுக்க, உள்ளேயும் வெளியேயும், தட்டிக்கொண்டே போ. நல்ல மரம் 'டக்' என்று திருப்பிப் பேசும். மக்கின மரம் தலையணையைத் தட்டினது போல இருக்கும். அப்புறம் ஒருவரை வெளியே நிறுத்திப் படகின் காலை மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டச் சொல். நீ உள்ளே உட்கார்ந்து எது அசைகிறது என்று பார். சுவரா, தட்டா, கால் மட்டுமா. மூன்றும் மூன்று வியாதி. தட்டுக்கும் சுவருக்கும் நடுவே காகிதம் நுழைகிறதா என்றும் பார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அது மக்கியிருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஊர் முன்னால் சொல்லிவிட்டேன் அல்லவா. ஆகவே நான் உன் கண்ணை நம்புகிறேன், என் ஆசையை நம்பவில்லை. எனக்குப் பிடிக்கும் என்று எதையும் எழுதாதே.

அண்ணி

*

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

சொந்த மூளையைச் சேர்க்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, புத்தம் புதிதாக.

எங்கள் கிளினிக்கில் பல் டாக்டரிடம் அவருடைய குட்டிக் கண்ணாடியை ஞாயிற்றுக்கிழமைக்குக் கடன் கேட்டேன். வரவேற்பு மேசையில் உட்கார்கிறவளுக்குப் பல் கண்ணாடி எதற்கு என்று விசாரித்தார். சொன்னதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். செத்த பல்லைத் தட்டினாலும் சத்தம் மாறுமாம். அரை மணி நேரம் பாடம் எடுத்தார். வெளியே ஒரு நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எங்கள் இருவருக்கும் மறந்துபோய்விட்டது.

ஞாயிறு காலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படகுக்குள் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. எஞ்சினுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. கல்யாணப் புகைப்படத்தில் இருக்கிற பெண் அதில் தாராளமாக நுழைவாள். இப்போது இருக்கிற பெண் மூச்சை வெளியே விட்டுவிட்டு நுழைந்தாள். திரும்பி வருகிற யோசனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

தட்டினேன். இடது பக்கம் முழுக்க 'டக்'. எங்கள் வீட்டு வாசற்கதவுகூட அவ்வளவு திடமாகப் பதில் சொல்லாது. வலது பக்கம் கீழ்மூலையும் மேல்மூலையும் 'டக்'. ஆனால் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, 'தொப்'. மறுபடி தட்டினேன். 'தொப்'. அண்ணி, தலையணையேதான். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. கையை எடுக்க இடம் இல்லை.

காலை ஆட்டுவதற்குப் பக்கத்து வீட்டு டிக்கெட் பரிசோதகரைக் கூப்பிட்டேன். ரிட்டயராகி இத்தனை நாளில் அவரை யாரும் எதையும் பரிசோதிக்கக் கூப்பிட்டதில்லை. சட்டையை இன் செய்துகொண்டு வந்துவிட்டார். நான் உள்ளிருந்து பல் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, அவர் வெளியே காலைப் பிடித்து ஆட்டினார். சுவர் அசையவில்லை. உள்தட்டு மட்டும் வலது பக்கம் நகம் அளவுக்கு எழுந்து உட்கார்ந்தது. கிளினிக்கின் அப்பாயிண்ட்மெண்ட் சீட்டை நுழைத்துப் பார்த்தேன். வலது பக்கம் சரக்கென்று போயிற்று. இடது பக்கம் முனைகூடப் போகவில்லை. வெளியே வலது மேல்மூலையில் தலைமுடி போல ஒரு விரிசலும் இருக்கிறது.

உங்கள் தம்பி அத்தனை நேரமும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் துணி காயப்போட்டது அதுதான் முதல் தடவை. ஒரே துண்டை எடுத்து எடுத்து உதறினார். சாயங்காலம் பார்த்தால், ஸ்க்ரூடிரைவர் இருந்த இடத்தில் ஒரு ரப்பர் சுத்தியல் இருக்கிறது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சான்றிதழை எழுத ஆரம்பித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஜன்னலுக்குப் புதுத் திரைத்துணி பார்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி

*

மார்ச் 19

புண்ணியவதிக்கு,

திரைத்துணியை இன்னும் வாங்காதே.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கும் மனசு குளிர்ந்தது. அலுவலகத்தில் ஒருவருக்குத் தேநீர்கூட வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் திரும்பப் படித்தேன். ஒன்று இடிக்கிறது. மக்கின சுவர் என்றால் காலை ஆட்டும்போது சுவரே தட்டோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். உன் சுவர் அசையவில்லை என்கிறாய். தட்டு மட்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். காது ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது. இந்த நிலையில் நான் கையெழுத்துப் போட்டால் அது அக்காவின் கையெழுத்தாக இருக்கும்.

இனித் துளை போட வேண்டியதுதான். உள்ளிருந்து, தட்டுக்குப் பக்கத்தில், கீழே, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மெல்லிய துரப்பண முனை போதும். முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள், வெளித்தோல்வரை போய்விடாதே. மெதுவாகச் சுற்று. வெளியே வருவதைக் காகிதத்தில் பிடி. முதலில் வெள்ளைப் பொடி வரும், அது உள்தோல். பிறகு மரச்சீவல். அது வெளுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுப்பாக, ஈரமாக, ஊறின தேயிலை போல வந்தால் செத்துவிட்டது. மறுபடி வெள்ளைப் பொடி தெரிந்தவுடன் நிறுத்து. வருவதை வருகிற வரிசையிலேயே எழுது. உனக்குப் புரியாவிட்டாலும் எழுது. உனக்குப் புரியாவிட்டால் கட்டாயம் எழுது.

துணி காயப்போடுகிறவனைத் தொந்தரவு செய்யாதே.

அண்ணி

*

மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நான் உட்கார்ந்து எழுதவில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன். உட்கார்ந்தால் கோபம் குறைந்துவிடும்.

வரிசைப்படி சொல்கிறேன். காலையில் தேநீர் டம்ளருக்குப் பக்கத்தில் துரப்பண மெஷின் இருந்தது. முனை தீட்டியிருந்தது. டேப்பும் சுற்றியிருந்தது, அளவோடு. இந்த வீட்டில் என் கடிதங்களை யாரோ படிக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. நான் படகுக்குக் கிளம்பும்போது அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "வலது பக்கம் மட்டும் போட்டாப் போதும். இடது பக்கம் நல்லாத்தானே கேக்குது" என்றார். படகைப் பற்றி நானாகக் கேட்காமல் அவராக ஒரு யோசனை சொன்னால் அதற்கு நேர் எதிராகச் செய்வது என்பது கல்யாணமான புதிதிலேயே நான் எடுத்த முடிவு.

வலது பக்கம் முதலில். வெள்ளைப் பொடி வந்தது. அடுத்து மரம் வரும் என்று காகிதத்தை ஏந்தினால், சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வந்தது. சிமெண்டா என்று நினைத்தேன். கட்டி கட்டியாகவும் வந்தது. அப்புறம் மறுபடி வெள்ளைப் பொடி. சரி, நிறுத்தச் சொன்னீர்களே என்று நிறுத்தினேன். டேப்பைப் பார்த்தால் பாதித் தூரம்கூடப் போகவில்லை. மரமே இல்லாத படகில் இத்தனை நாள் நம்மை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாரா என்று தோன்றியது. உங்கள் சொல்லை மீறி இன்னும் கொஞ்சம் சுற்றினேன். மரம் வந்தது அண்ணி. வெளுப்பாக, மொறுமொறுவென்று, பென்சில் சீவினது போல. முகர்ந்தும் பார்த்தேன். கடையில் புதுப் பலகை வாசனை. ஈரம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

இடது பக்கம். வெள்ளைப் பொடி. பிறகு பச்சை.

பச்சை என்றால் பாசி இல்லை. பெயிண்ட். வெளிர் பச்சை, கொஞ்சம் நீலம் கலந்தது. சுருள் சுருளாக வந்தது. பிறகு மரம், பிறகு மறுபடி அதே பச்சை, பிறகு வெள்ளைப் பொடி, அதற்கப்புறம்தான் வலது பக்கத்தில் வந்த அதே வெளுத்த மரம். டேப் வரைக்கும் போயும் வெளித்தோல் வரவில்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியாது, கால் வந்தது. என் சமையலறை அலமாரிக்கு இரண்டு கதவு. அதாவது இரண்டு கதவு இருந்தது. ஒன்றைக் கரையான் அரித்துவிட்டது என்று அவர் ஒரு நாள் கழற்றி எடுத்துப்போனார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் திறந்தே கிடக்கிறது. டப்பாக்கள் எல்லாம் வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. மிச்சமிருக்கும் கதவின் மேல் காகிதத்தை வைத்துப் பார்த்தேன். வெளிர் பச்சை, கொஞ்சம் நீலம் கலந்தது. நானே கடைக்காரரோடு சண்டை போட்டுக் கலக்க வைத்த நிறம். இந்த ஊரில் வேறு யாரிடமும் இல்லாத நிறம்.

பேப்பரை அவர் கையிலிருந்து எடுத்தேன். சீவலைக் காட்டினேன். கரையான் பற்றி விசாரித்தேன், அது எப்போது நீச்சல் கற்றுக்கொண்டது என்று. அப்புறம்தான் வாயைத் திறந்தார். "சின்ன வயசுலேர்ந்து அக்கா சொல்லுவா, 'உன் வேலையெல்லாம் மெலிசுடா'ன்னு. எஞ்சினைக் கழட்டி மாட்டினப்ப அது ஞாபகம் வந்துச்சு. கெட்டியா இருக்கட்டும்னு ஒரு கதவைச் சேத்து வெச்சேன். ஒரு பக்கத்துக்குத்தான் பத்துச்சு. இன்னொரு பக்கம் பட்டி போட்டு நிரவிட்டேன்."

ஒரு கதவைச் சேர்த்து வைத்தாராம். உப்புப் போதவில்லை என்று சேர்ப்பதுபோலச் சொல்கிறார்.

இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். மரம் உலர்ந்து இருக்கிறது என்றால் படகு செத்ததா, பிழைத்ததா? உடைக்கிறவர் 31ஆம் தேதி காலை வருகிறார். எனக்கு என்ன பதில் வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். போன வாரம் தெரிந்திருந்தது.

உங்கள் தம்பி மனைவி

*

மார்ச் 28

அன்புள்ள புண்ணியவதிக்கு,

உடைக்கிறவனைத் திருப்பி அனுப்பு.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை.

இதுதான் நடந்திருக்கிறது. அந்தச் சுவர் இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு கனம் என்பதை எஞ்சின் செய்தவர்கள் முடிவு செய்கிறார்கள். மெலிந்தாலும் தப்பு, தடித்தாலும் தப்பு. ஏனென்றால் எஞ்சினும் காலும் எவ்வளவு தூரத்தில், எந்த நேர்கோட்டில் கை கோக்க வேண்டும் என்பது அந்தக் கனத்தில்தான் இருக்கிறது. அவன் இடது பாதியில் ஒரு கதவை ஒட்டினான். வலது பாதியைப் பட்டியால் நிரப்பினான். இரண்டையும் புதிதாக ஒரு ஃபைபர் தோலால் மூடினான். பட்டி என்பது ஓட்டையை மூடத்தான், பாரம் தாங்க இல்லை. கொஞ்ச நாள் தாங்கியது. அப்புறம் எஞ்சினின் அதிர்வில் நொறுங்கிப் பொடியாகிவிட்டது. நீ கேட்ட 'தொப்' அதுதான். சீட்டு நுழைந்த இடைவெளியும் அதுதான். வலது பக்கம் தட்டு தளர்ந்தது, இடது பக்கம் கதவு விட்டுக்கொடுக்கவில்லை, எஞ்சின் கோணிக்கொண்டது, பேரிங் உறுமியது. மரம் மக்கினாலும் இதே உறுமல்தான் கேட்கும். நான் உறுமலைக் கேட்டேன். மரத்தைப் பார்க்கவில்லை.

சரி செய்ய முடியும். அவனாலேயே முடியும். எஞ்சினை வெளியே எடுக்கட்டும். கதவையும் பட்டியையும் உள்தோல்வரை சுத்தமாக எடுத்து, இரண்டு பக்கமும் ஒரே கனம் வருகிற மாதிரி தேய்த்துச் சமன் செய்யட்டும். உன் துளைகளை ரெசின் விட்டு அடைக்கட்டும். வெளியே தெரியும் விரிசல் மேல்பூச்சோடு நிற்கிறதா என்று சுரண்டிப் பார்த்துவிட்டு அதையும் அடைக்கட்டும். பேரிங்கை மாற்றட்டும். என்னுடைய நேர்பார்க்கும் கம்பியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எஞ்சினை மாட்டிய பிறகு அதில் கிரீஸ் தடவி, பின்னாலிருந்து ஓட்டை வழியாக எஞ்சினுக்குள் நுழைக்க வேண்டும். இரண்டு விரலால் தள்ளினால் போக வேண்டும். சுத்தியல் எடுத்தானோ, அங்கேயே பிடுங்கிக்கொள். வெளியே எடுத்தால் கிரீஸில் தடம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் துடைத்திருந்தால் எஞ்சினைக் கொஞ்சம் தூக்கியோ தாழ்த்தியோ மறுபடி பார்க்க வேண்டும்.

நீ கேட்ட சான்றிதழ் கீழே. படகுத்துறையில் படித்துவிடு. அன்றைக்கு நான் சத்தமாகச் சொன்னேன். இதுவும் சத்தமாகவே இருக்கட்டும்.

'மேற்படி படகின் பின்பலகை தட்டியும் ஆட்டியும் துளையிட்டும் சோதிக்கப்பட்டது. மரம் உலர்ந்தும் உறுதியாகவும் உள்ளது. மக்கல் இல்லை. கோளாறு, பொருத்தியதில் ஏற்பட்ட கூடுதல் கனம் மட்டுமே. முன்பு வாய்மொழியாகத் தெரிவித்த கருத்து தவறு. சோதனை செய்தவர்: உரிமையாளரின் மனைவி. ஒப்புதல்: உரிமையாளரின் அக்கா, சர்வேயர்.'

மெலிசு என்று நான் சொன்னது அவன் பள்ளிக்கூடத்தில் செய்த ஒரு பறவைக்கூண்டைப் பற்றி. அதைப் போய் இவன் ஒரு கதவு கனத்துக்கு ஞாபகம் வைத்திருப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணி

*

ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் என் கையில் கிரீஸ். முதல் பக்கத்தில் கட்டைவிரல் தடம் பார்த்திருப்பீர்கள். அதைத் துடைக்காமல் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

உங்கள் கடிதம் 31ஆம் தேதி காலைக்கு வந்து சேரவில்லை. உடைக்கிறவர்தான் வந்து சேர்ந்தார், லாரி, ரம்பம், ஓர் ஆள் சகிதமாக. உங்களுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாருடைய படகின் அடியிலோ படுத்திருந்தீர்கள் போல. இந்த ஒரு தடவை மட்டும் துண்டிக்காமல் பேசியிருப்பேன்.

உங்கள் தம்பி வெளியே வரவில்லை. வாசலுக்கு உள்ளேயே நின்றார். எழுத்தில் வந்தால் ரம்பத்தைப் பிடிக்கிறேன் என்று சொன்ன மனிதர், எழுத்து வராத நேரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் ரம்பத்தின் வயரை நீட்டிக்கொண்டு, ப்ளக் எங்கே என்று என்னிடம்தான் கேட்டார். என் சமையலறையில்தான் இருக்கிறது, ஜன்னலுக்குக் கீழே. எனக்கு வேண்டிய வெளிச்சம் எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு ப்ளக் தூரத்தில் இருந்தது.

"ரிப்போர்ட் இன்னும் வரலை" என்றேன்.

"என்னங்க ரிப்போர்ட்? நீங்கதானே வரச்சொன்னீங்க. பலகை மக்கிப்போச்சுன்னு ஊருக்கே தெரியுமே."

"ஊரு தட்டிப் பார்த்துச்சா? நான் தட்டிப் பார்த்தேன். எங்க கிளினிக்ல ரிப்போர்ட் வராம பல்லைப் புடுங்க மாட்டோம்."

அவர் என்னையும் படகையும் மாறி மாறிப் பார்த்தார். தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தேன். மத்தியானம் உங்கள் கடிதம் வந்தது. நான் செய்தது சரிதான் என்று அதில் இருந்தது அண்ணி. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி வருவது இந்தக் குடும்பத்தில் எனக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

சான்றிதழை ஞாயிற்றுக்கிழமை படகுத்துறை டீக்கடையில் படித்தேன். டிக்கெட் பரிசோதகர் எல்லாரையும் உட்கார வைத்தார். பல் டாக்டர்கூட வந்திருந்தார். ஐஸ் படகுக்காரர் பெஞ்சின்மேல் ஏறி நின்று கேட்டார். 'கருத்து தவறு' என்ற இடத்தில் உங்கள் தம்பி, "இன்னொரு தடவை படி. மெதுவா" என்றார். படித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டார். அதற்கு மேல் படித்தால் அவருக்கு அது மனப்பாடமாகிவிடும், நான் இந்த வீட்டில் குடியிருக்க முடியாது என்பதால் மடித்து வைத்துவிட்டேன். 'உரிமையாளரின் அக்கா' என்ற இடத்தில் மட்டும் அவர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பறவைக்கூண்டு விஷயத்தை நான் அங்கே படிக்கவில்லை. வீட்டில் தனியாகச் சொன்னேன். "அந்தக் கூண்டு மெலிசுதான்" என்றார்.

வேலை முடிந்தது. பச்சைக் கதவு சுத்தமாக வெளியே வந்தது. பெயிண்ட் மேலேயே ஒட்டியிருக்கிறார், பாதி தானாகவே பிரிந்துகொண்டது. இரண்டு பக்கமும் கனத்தை நான்தான் அளந்தேன், ஒவ்வோர் இடத்திலும் இரண்டிரண்டு தடவை. கம்பியில் கிரீஸ் தடவி நுழைத்ததும் நான்தான். முதல் தடவை முக்கால்வாசி போய் முட்டிக்கொண்டது. அவர் பார்வை சுத்தியல் பக்கம் போனது. சுத்தியல் என் இடுப்பில் செருகியிருந்தது. எஞ்சினின் முன்பக்கத்தை ஒரு சுற்று தாழ்த்தினோம். இரண்டு விரலால் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போயிற்று. வெளியே எடுத்துப் பல் கண்ணாடியை வைத்துச் சுற்றிலும் பார்த்தேன். தடம் ஒரே சீர். உங்கள் தம்பி என்னைப் பார்த்த பார்வை பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

கதவை மறுபடி என் அலமாரியில் மாட்டியிருக்கிறார். பின்பலகை ஓட்டைக்குப் பொருந்த அதன் ஓரத்தில் அவர் வெட்டிய அரைவட்டம் அப்படியே இருக்கிறது. ஒரு டப்பா மட்டும் அதன் வழியாக எட்டிப்பார்க்கிறது.

நேற்றுப் படகைத் தண்ணீரில் இறக்கினோம். வளைத்து வளைத்து ஓட்டினோம். உறுமல் இல்லை. திரும்பி வந்து சமையலறைக்குள் நுழைந்தால் வெளிச்சத்தில் கண் கூசுகிறது. அடுப்புக்குப் பின்னால் எவ்வளவு அழுக்கு சேர்ந்திருக்கிறது என்பதும் நன்றாகத் தெரிகிறது. படகு கொல்லையில் இல்லாத குறையை நான் இவ்வளவு சீக்கிரம் உணர்வேன் என்று நினைக்கவில்லை.

உங்கள் தம்பி ஒன்று சொல்லச் சொன்னார். நீங்களே எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன், வாங்கவில்லை. ஆகவே அவர் சொன்னபடியே: "அக்கா உக்கார்ற இடம் காலியாத்தான் இருக்கு. வந்து உக்காரட்டும். ஆனா காதைச் சாய்க்கக் கூடாது."

உங்கள் தம்பி மனைவி

*

ஏப்ரல் 30

அன்புள்ள சர்வேயருக்கு,

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொல்.

உன் அலமாரிக்கு ஒரு புதுக் கதவு கொண்டுவருகிறேன். அந்தப் பச்சையில் பெயிண்ட் கலப்பதற்கு எந்தக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டும் என்று எழுது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய கதவை எறிந்துவிடாதே. எனக்கு வேண்டும்.

கதவின் உயரத்தை உடனே அளந்து அனுப்பு. இடது ஓரத்தில் ஒரு தடவை, வலது ஓரத்தில் ஒரு தடவை. அலமாரியை அடித்தது என் தம்பி.

அண்ணி